பானைக்கு நேராகத் திருப்பி வைத்த சப்வூஃபர்

குடும்பத்தில் யாருக்காவது கல்யாணம் நிச்சயமானால் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். நான் மட்டும் கார்ச் சாவியை எங்கே ஒளிக்கலாம் என்று பார்ப்பேன். சொந்தத் தங்கையின் கல்யாணத்தை ஒரு பாட்டுப் பெட்டியால் நிறுத்தப் பார்த்தவன் நான். இந்த விஷயம் என் மனைவியையும் இன்னொருவரையும் தவிர யாருக்கும் தெரியாது. (அம்மாவுக்குப் படிக்கக் கண்ணாடி வேண்டும். கண்ணாடியை எங்கே வைத்தோம் என்பது அவருக்கு எப்போதும் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.)

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு நஞ்சன்கூடு பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை, மைசூரில் வீடு, கையில் ஒரு பழைய கார் என்று நான் பெரிய மனிதனாகத் திரிந்த காலம். அந்தக் காரின் டிக்கியில் ஒரு சப்வூஃபர் வாங்கி வைத்தேன். சப்வூஃபர் என்றால் பாட்டில் வரும் 'தும் தும்' சத்தத்தை மட்டும் எழுப்புகிற பெரிய ஸ்பீக்கர் பெட்டி. கடைக்காரர் அதை டிக்கியில் போட்டுவிட்டுப் போய்விட்டார். அதை எந்த மூலையில், எந்தப் பக்கம் பார்த்து வைத்தால் பேஸ் என்கிற அந்தத் 'தும்' நன்றாகக் கேட்கும் என்பது ஒரு தனி சாஸ்திரம் என்று நான் இன்டர்நெட்டில் படித்துத் தெரிந்துகொண்டேன். தெரியாமலே இருந்திருக்கலாம்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின. நான் டிக்கிக்குள் தலையை விட்டுப் பெட்டியை நகர்த்துவேன். என் மனைவி சுதா முன் சீட்டில் உட்கார்ந்து எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஸ்பீக்கரை சீட்டுப் பக்கம் திருப்பினேன். முதுகில் குத்துகிறது என்றாள். மேலே பார்க்க வைத்தேன். பல் கூசுகிறது என்றாள். கடைசியில் பெட்டியைப் பின் சீட்டின் முதுகோடு ஒட்டி, ஸ்பீக்கரைப் பின்பக்கம் பார்க்கத் திருப்பி, டிக்கி மூடிக்கு இரண்டு சாண் இடைவெளி விட்டு, கொஞ்சம் இடதுபுறம் தள்ளி வைத்தேன். சத்தம் டிக்கிக்குள் நிறைந்து திரும்பிக் காருக்குள் வந்தது. அதுதான் சரியான இடம். எதிர் வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள் என்று சுதா சொன்னதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். பெட்டி இம்மிகூட நகராதபடி நான்கு போல்ட் போட்டு முடுக்கினேன்.

அப்போதுதான் தங்கை கவிதாவுக்குக் கல்யாணம் வந்தது.

எங்கள் பூர்வீகம் ஹனூர் பக்கம். எங்கள் கல்யாணங்களில் மணவறைக்குப் பக்கத்தில் வர்ணம் பூசிய மண்பானைகளை வைப்போம். அரசாணிப் பானை என்று பெயர். எங்கள் வீட்டுக் கணக்கில் ஐந்து. கல்யாணம் மைசூர் மண்டபத்தில் என்றாலும் பானை மட்டும் ஊரிலிருந்து, அந்தக் குயவர் வீட்டிலிருந்துதான் வர வேண்டும். கொண்டு வருவது பெண் வீட்டார் பொறுப்பு. வழியில் ஒரு கீறல் விழுந்தாலும் ஆகாது. கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் அந்த வேலையை அம்மா என்னிடம் ஒப்படைத்தார். டிக்கியில் இருக்கும் பெட்டியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். சரி என்றேன். நான்கு போல்ட்டையும் பார்த்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளையும் நினைத்தேன். கழற்றவில்லை.

ஹனூரில் பின் சீட்டு முழுக்க வாழை இலைக் கட்டு ஏறிவிட்டது. பானைகளுக்கு மிஞ்சியது ஸ்பீக்கருக்கும் டிக்கி மூடிக்கும் நடுவில் நான் ஆராய்ச்சி செய்து விட்டிருந்த அந்த இரண்டு சாண் இடம்தான். குயவர் வைக்கோல் வைத்து ஐந்தையும் நெருக்கி அடுக்கினார். வெள்ளையும் செம்மண்ணுமாகக் கோடு போட்ட பானைகள், பார்க்கக் கண் நிறைந்திருந்தது. அவர் ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். சும்மா ஒரு சாமான், ஒன்றும் செய்யாது என்றேன். உலகத்திலேயே மண்பானைக்கு நேராக சப்வூஃபரைத் திருப்பி வைத்து வண்டி ஓட்டிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். இருந்தாலும் வழியில் பாட்டே போடுவதில்லை என்று அப்போது உண்மையாகவே முடிவு செய்திருந்தேன்.

கொள்ளேகாலம் நெருங்கும்போது அம்மா போன் செய்தார். அங்கே பஸ் ஸ்டாண்டில் சரோஜா அத்தை நிற்கிறார், அவரையும் ஏற்றிக்கொண்டு வா என்றார். வேறு யாராக இருந்தாலும் பரவாயில்லை.

சரோஜா அத்தை மாப்பிள்ளையின் பெரியம்மா. மாப்பிள்ளையைச் சிறு வயதிலிருந்து வளர்த்தவர். அந்த வீட்டில் அவர் சொல்வதுதான் சட்டம். கவிதாவுக்கு முன்பு மாப்பிள்ளைக்குப் பார்த்த இரண்டு சம்பந்தங்களை அத்தை சகுனம் சரியில்லை என்று நிறுத்தியிருந்தார். ஒன்றில் பெண் கொண்டு வந்த சொம்பு சாய்ந்துவிட்டது. இன்னொன்றில் தட்டு மாற்றும்போது கரண்ட் போய்விட்டது. (எங்கள் மாநிலத்தில் கரண்டை நம்பி எந்தக் கல்யாணத்தையும் செய்ய முடியாது, அது வேறு விஷயம்.) அன்றைக்கும் ராகு காலத்தில் கிளம்ப மாட்டேன் என்று மாப்பிள்ளை வீட்டு வேனைவிட்டு இறங்கி நின்றுகொண்டவர் அவர்.

கவிதாவுக்கோ அந்த மாப்பிள்ளையை அவ்வளவு பிடித்திருந்தது. இரண்டு வருடமாக வரன் தட்டிப்போய் வாடியிருந்தவள் அந்த ஒரு மாதமாகத்தான் வீட்டில் பாடிக்கொண்டு நடந்தாள். டிக்கியில் இருக்கும் பானையில் ஒரு கீறல் விழுந்தால் அந்தப் பாட்டு நின்றுவிடும். இது எனக்கு நன்றாகவே தெரியும்.

அத்தை முன் சீட்டில் உட்கார்ந்தார். பானை பத்திரமா என்று கேட்டார். பத்திரம் என்றேன். கொஞ்ச தூரம் போனதும் திடீரென்று ஸ்டீரியோவைக் காட்டினார்.

"ஏனுங் தம்பி, இதுல சாமி பாட்டு வராதுங்களா?"

வராது என்று சொல்லியிருக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார், அதுவும் சரோஜா அத்தை, முதன்முதலாக வாய்விட்டுக் கேட்கிறார். இல்லை என்று சொல்ல எங்கள் பக்கத்தில் எந்தப் பெண் வீட்டானுக்கும் நாக்கு எழாது. சத்தத்தைக் குறைத்து வைத்து, ஒரு அம்மன் பாட்டைப் போட்டேன். பம்பையும் உடுக்கையும் ஆரம்பித்தன. குறைத்து வைத்தும் பின்னாலிருந்து 'தும்' என்று வந்தது. அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். கோபம் என்று நினைத்தேன். கோபமில்லை. அவர் கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"கோயில்லயே நிக்கற மாதிரி இருக்குது. சத்தத்த ஸ்வல்ப ஜாஸ்தி வைங்க தம்பி."

வைத்தேன். இரண்டாவது சரணத்தில் பின்னால் 'டக்' என்றது.

அது என்ன சத்தம் என்று அத்தை கேட்டார். ஸ்பீக்கர் அப்படித்தான் அத்தை, புதுசு என்றேன். அவர் நம்பிவிட்டார். ஒரு பானை போனது. ஒன்றுதானா, பெரியதா, சின்னதா என்று தெரியவில்லை. வண்டியை நிறுத்திப் பார்த்தால் அவரும் இறங்கிப் பார்ப்பார். பாட்டை நிறுத்தினால் ஏன் என்று கேட்பார். நான் பயத்தில் ஸ்டீரியோ பொத்தான் பக்கம் கையைக் கொண்டு போனதை, தனக்காக இன்னும் சத்தம் வைக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு, அத்தை "ஆமா, இன்னுங் கொஞ்சம்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்தது என் எதிரிக்கும் நடக்கக் கூடாது. ஒவ்வொரு பாட்டுக்கும் அத்தையின் முகம் மலர்ந்தது. பின்னால் ஒருமுறை 'டக்', இன்னொருமுறை சரசரவென்று எதுவோ சரிகிற சத்தம். ஒவ்வொன்றுக்கும் நான் ஸ்பீக்கர், ஸ்பீக்கர் என்றேன். சாலையில் ஹம்ப் என்கிற வேகத்தடை வந்த இடத்திலெல்லாம் மாட்டு வண்டியைவிட மெதுவாக ஏறி இறங்கினேன். தங்கமான பையன், பானைக்காக எவ்வளவு பதமாக ஓட்டுகிறான் என்று அத்தை போனில் யாரிடமோ சொன்னார். அதைக் கேட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

டி. நரசிபுரத்தில் இளநீர் குடிக்கலாம் என்று நிறுத்தினேன். அவர் குடிக்கும்போது நைசாக டிக்கியைத் திறந்து பார்த்துவிடலாம் என்பது திட்டம். நான் பின்பக்கம் போய்த் திரும்பினால், அத்தை இளநீரோடு எனக்குப் பின்னால் நிற்கிறார். கையில் வைத்திருந்த பையை டிக்கியில் போட்டுவிடலாமே என்றார். பூட்டு மக்கர் செய்கிறது, மைசூரில்தான் திறக்கும் என்றேன். எந்த ஊர்ப் பூட்டு ஊர் பார்த்துத் திறக்கும் என்று அவர் கேட்கவில்லை. பாட்டு நின்றுவிட்டதே, சீக்கிரம் வா என்று மட்டும் சொன்னார்.

மைசூர் மண்டபத்து வாசலில் வண்டியை நிறுத்தினேன். உள்ளே நாதஸ்வரக்காரர் சுருதி சரிபார்த்துக்கொண்டிருந்தார். அம்மா யாரிடமோ பேசியபடி தூரத்தில் வந்துகொண்டிருந்தார். முதல் பானையைத் தானே இறக்குவதாகச் சொல்லி அத்தை முந்தானையை இழுத்துச் செருகினார். இனி ஒளிக்க இடமில்லை. டிக்கியைத் திறந்தேன்.

பெரிய பானை சரிபாதியாகப் பிளந்து கிடந்தது. இரண்டு சின்னப் பானைகள் ஓடுகளாகிவிட்டன. நான்காவதுக்கு வாய் இல்லை. ஐந்தாவது மட்டும் வைக்கோலுக்குள் முழுசாக, கல்யாணத்துக்கு வந்தது போல உட்கார்ந்திருந்தது. அத்தை பார்த்துக்கொண்டே நின்றார். நான் முந்திக்கொண்டேன்.

"தப்பு என்னுதுங்க அத்தை. கவிதா மேல எதையும் வெச்சுராதீங்க. அவளுக்கு இது தெரியவே தெரியாது."

அவர் பானைகளைப் பார்த்தார். பானைகளுக்கு நேராக முறைத்துக்கொண்டிருந்த ஸ்பீக்கரைப் பார்த்தார். மெதுவாகக் கேட்டார்.

"எந்தப் பாட்டுக்குத் தம்பி?"

"மொதல் பாட்டுலயே ஒண்ணு போயிருச்சுங்க. மத்தது நீங்க ஜாஸ்தி வெக்கச் சொல்லச் சொல்ல…"

அத்தையின் முகத்தில் அன்றுதான் முதன்முறையாகப் பயத்தைப் பார்த்தேன். இரண்டு சம்பந்தங்களைச் சகுனத்தால் நிறுத்தியவர், மூன்றாவதுக்குத் தானே கூடச் சேர்ந்து பானை உடைத்திருக்கிறார். அம்மா பத்தடி தூரத்துக்கு வந்துவிட்டார். அத்தை சட்டென்று டிக்கி மூடியைப் பிடித்து அறைந்து சாத்தினார்.

பானை எங்கே என்று அம்மா கேட்டார்.

"பானைய நாங்கதானுங்க கொண்டாருவோம்," என்றார் அத்தை, குரல் கொஞ்சமும் பிசகாமல். "எங்க பக்கம் அதுதான் வழக்கம். மாப்பிள்ளை வூட்டுப் பானைதான் மணவறையில இருக்கோணும். தம்பி எலை மட்டுந்தான் கொண்டாந்திருக்கறாரு."

சுற்றி நின்ற மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தையை எதிர்த்துப் பேசும் பழக்கம் அந்த வீட்டில் இல்லை. முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே என்று அம்மா முணுமுணுத்துவிட்டு, சம்பந்தி வழக்கம் என்பதால் அடங்கிவிட்டார். அரை மணி நேரத்தில் அத்தையும் நானும் மைசூரிலேயே கும்பாரகொப்பலில் ஒரு குயவர் வீட்டு வாசலில் நின்று, சாயங்காலத்துக்குள் ஐந்து பானைக்கு வர்ணம் பூசித் தரச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தோம். போகும்போதும் வரும்போதும் காரில் பாட்டு இல்லை. செம்மண் காயாமலே பானைகள் மணவறைக்கு வந்தன. கல்யாண போட்டோ எல்லாவற்றிலும் என் வெள்ளைச் சட்டையில் சிவப்பாக ஒரு கைத்தடம் இருக்கிறது. உடைந்த ஓடுகள் இரண்டு நாள் டிக்கியிலேயே கிடந்தன. தாலி கட்டி முடிக்கும்வரை கார்ச் சாவியை நான் இடுப்பில் முடிந்து வைத்திருந்தேன்.

கவிதா நன்றாக இருக்கிறாள். பாடிக்கொண்டும் இருக்கிறாள். ஆனால் அத்தை அன்று வாய்க்கு வந்தபடி சொன்ன வழக்கம் இரண்டு குடும்பங்களிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதன் பிறகு நடந்த எல்லாக் கல்யாணங்களிலும் மாப்பிள்ளை வீட்டார்தான் பானை கொண்டு வருகிறார்கள். போன தை மாதம் என் சித்தப்பா மகனுக்குக் கல்யாணம். இதென்ன புது வழக்கம் என்று பெண் வீட்டார் கேட்டார்கள். புதுசா என்று அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. தன் மாமியாரின் கல்யாணத்திலேயே மாப்பிள்ளை வீட்டுப் பானைதான் வந்தது என்று அடித்துச் சொன்னார். சுதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சரோஜா அத்தை, ஆமாம் ஆமாம் என்று பயபக்தியோடு தலையாட்டினார்.

அதோடு விட்டிருக்கலாம். கவிதாவின் மகனை மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டு, அத்தை சபையில் இன்னொன்றையும் சொன்னார்.

"நாளைக்கு இவனுக்குக் கல்யாணம்னா நாமதான மாப்பிள்ளை வூடு. பானையத் தாய்மாமந்தான் தன்னோட கார்ல வெச்சுக் கொண்டாரோணும். அதுவும் எங்க வழக்கந்தான்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பையனுக்குப் பதினோரு வயதுதான் ஆகிறது. நான் இப்போதே காரை விற்றுவிடலாமா என்று சுதாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.