திருப்பத்தில் இறங்கும் முறை

எனக்கு எதையும் அளவாக வாங்கத் தெரியாது. ஒரு சைஸ் பெரிதாகத்தான் வாங்குவேன். பிள்ளைகளே, உங்கள் பள்ளிச் சட்டைகளே சாட்சி. (வளர்ந்து நிரப்பிக்கொள்வீர்கள் என்று இன்னும் நம்புகிறேன்.) பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் வேலை அப்படிப் பழக்கிவிட்டது. துவைத்தால் துணி சுருங்கும், அதனால் வெட்டும்போதே கொஞ்சம் கூட விட்டு வெட்டவேண்டும். இந்த ஞானத்தை நான் கார் டயரிலும் காட்டினேன்.

நீங்கள் பிறப்பதற்கு முன்பு, பின்னால் டிக்கி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பழைய கார் வாங்கியிருந்தேன். நான்கு டயரும் வழுக்கை. அந்த வாரம்தான் உங்கள் சித்திக்காக வெள்ளகோவிலில் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவதாக முடிவாகியிருந்தது. அவர்கள் எல்லாவற்றிலும் முறை பார்ப்பவர்கள். பெண் வீட்டார் தாமதமாக வந்தார்கள் என்பதற்காகவே முன்பு ஒரு சம்பந்தத்தை விட்டவர்கள். நம் காரிலேயே போய்விடலாம் என்று சொன்னது நான்தான். மூத்த மருமகன் இல்லையா?

டயர் கடைக்காரர் டிரைவர் கதவைத் திறந்து, உள்ளே ஒட்டியிருந்த அளவைக் காட்டினார். 175/70 R13. கடைசியில் இருக்கும் பதின்மூன்றுதான் சக்கரத்தின் இஞ்ச் கணக்கு. பொறுமையாகப் படித்தேன். படித்துவிட்டு, சக்கரமும் டயருமாகப் பதினாலு கேட்டேன்.

"மேல தகரத்துல தட்டுமுங்ணா," என்றார்.

நான் பையிலிருந்த இஞ்ச் டேப்பை எடுத்து, டயருக்கும் மேலே இருக்கும் தகரத்துக்கும் நடுவில் அளந்தேன். "இவ்வளவு லூஸ் இருக்குதுங்க. பனியனுக்கு இதுல பாதி போதும்."

அவர் மாட்டிக் கொடுத்தார். மங்கலம் ரோட்டில் தனியாக ஓட்டிப் பார்த்தேன். ஒரு சத்தமில்லை.

அந்த நாளும் வந்தது. முன் சீட்டில் கஞ்சி போட்ட வேட்டியில் என் மாமனார், உங்கள் அப்புச்சி. பின்னால் என் மாமியாரான அம்மாயியும், அப்புச்சியின் அண்ணனும், மடியில் பழத்தட்டோடு உங்கள் அம்மாவும். ஆள் ஏறினால் கார் கீழே இறங்கும் என்று எந்தப் பனியனும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. முதல் திருப்பத்தில் ஸ்டியரிங்கை ஒடித்ததும், துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மிஷினில் தகரத்தைக் கொடுத்தது போலச் சத்தம் வந்தது. கூடவே ரப்பர் கருகும் வாசம். துணி இழுத்தால் நெகிழ்ந்து கொடுக்கும், தகரம் கொடுக்காது.

"ஏனுங்க, என்னத்தையோ அரைக்குதுங்களே," என்றாள் உங்கள் அம்மா.

"புது டயரு. பழகிக்கும்," என்றேன்.

பழகவில்லை. எல்லோரும் இறங்கிக்கொண்டால் கார் எழும்பிச் சத்தமில்லாமல் திரும்புகிறது என்பதை அப்புச்சிதான் கண்டுபிடித்தார். அதன் பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் இறங்கினார்கள், நடந்தார்கள், ஏறினார்கள். (வெள்ளகோவிலுக்கு இத்தனை திருப்பம் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.) அப்புச்சி ஒவ்வொரு தடவையும் டயரைக் குனிந்து பார்த்துவிட்டு ஏறினார். திட்டியிருந்தால் தேவலை.

சந்துக்குள் திரும்பியபோது மாப்பிள்ளை வீட்டார் வாசலிலேயே நின்றிருந்தார்கள். காலிக் கார் முன்னால் ஊர்ந்து வந்தது. பெண் வீட்டார் தட்டோடு பின்னால் நடந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா முகம் சுருங்கியது.

"ஏனுங்க, காரு இருக்கறப்ப நடந்து வர்றீங்க?"

உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள். நான் டயரைப் பார்த்தேன். இந்தச் சம்பந்தமும் போயிற்று, உங்கள் சித்தி முகத்தில் இனி எப்படி விழிப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புச்சி நிதானமாகத் துண்டைச் சரிசெய்தார்.

"நல்ல காரியத்துக்கு வந்தா, கடைசித் திருப்பத்துல எறங்கி நடந்துதானுங்க ஊட்டுக்குள்ள வருவோம். அது எங்க முறைங்க."

முறை என்ற சொல் காதில் விழுந்ததும் மாப்பிள்ளையின் அப்பா முகம் தெளிந்தது. இந்தக் காலத்திலும் முறை விடாத குடும்பம் என்று உள்ளே போய் எல்லோரிடமும் சொன்னார். சம்பந்தம் முடிவானது.

அடுத்த நாளே பதின்மூன்றுக்கு மாறினேன். ஆனால் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் மண்டபத்துக்கு முந்தின திருப்பத்தில் பஸ்ஸை நிறுத்தி, மாப்பிள்ளையோடு மொத்தப் பேரும் வெயிலில் நடந்தே வந்தார்கள். எங்கள் முறைக்கு அவர்கள் காட்டிய மரியாதை.

போன மாதம் சித்தி வீட்டுக் காதுகுத்துக்குப் போனபோதும் சந்து முனையில் இறங்கித்தான் நடந்தோம். ஏன் என்று நீங்கள் கேட்டீர்கள்.

"நம்ம முறை கண்ணு," என்றார் அப்புச்சி. சொல்லிவிட்டு, என் டயரை ஒரு தரம் குனிந்து பார்த்தார்.