சாயத்தண்ணிக்கும் மாரடைப்பு

சேரங்கோட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு நானோ சித்தர் வந்துவிட்டார். எந்த அமைச்சர் வந்தபோதும் கொழுந்தை எடை போட்ட கையோடு சனம் ஓடியதில்லை. இவருக்காக ஓடியது.

சித்தர் செல்லதுரை காவி வேட்டிக்கு மேல் வெள்ளைக் கோட்டு மாட்டியிருந்தார். பழசை நம்புகிறவர்களுக்குக் கீழ்ப்பாதி, புதுசை நம்புகிறவர்களுக்கு மேல்பாதி.

"என்ன பெரிய ஸ்டென்ட்டு? என் மருந்துல இருக்கிறது நானோ இரும்பு! கண்ணுக்குத் தெரியாத துகள். ரத்தக்குழாய்க்குள்ள போயி, படிஞ்ச கொழுப்பைச் சுரண்டி, கை வழியா வெளிய தள்ளிரும்!"

கண்ணாடிக் கிண்ணத்தில் மருந்துத் தண்ணீர். கையை முக்கிப் பிசைய வேண்டும். தண்ணீர் கருத்தால் அடைப்பு. ஒரே நிபந்தனை, கை கழுவாமல் வரவேண்டும். மற்ற சாமிகளெல்லாம் குளித்துவிட்டு வரச் சொல்லும். இந்தச் சாமிக்கு மட்டும் கொழுந்து கிள்ளிய கை அப்படியே வேண்டுமாம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் வரிசையில் இடம் போய்விடுமே!

கொழுந்து கிள்ளும் தெய்வம்மா கையை விட்டாள். தண்ணீர் கருகருவென்று ஆனது.

"தாயி, குழாய் பூராவும் அடைப்பு!"

"நெஞ்சுல ஒரு வலியும் இல்லீங்களே சாமி. தெனம் மலை ஏறி எறங்குறேன்."

"வலிக்காத அடைப்புதான் தாயி ஆளைக் கொல்லும்!"

அடுத்து அவள் புருஷன் முத்துவேல். தேயிலைச் செடியின் கிளைகளைக் கத்தியால் கழித்துக் கவ்வாத்து வெட்டுகிற ஆள். நெஞ்சுவலி வந்து இரண்டு மாதமாக வேலைக்குப் போகவில்லை. இதயக் குழாயில் இரண்டு அடைப்பு என்று படம் எடுத்துச் சொல்லி, திங்கட்கிழமை கோயம்புத்தூரில் ஸ்டென்ட் வைக்க நாள் கொடுத்திருந்தார்கள். அவர் கை விட்ட தண்ணீரோ பளிங்கு மாதிரி கிடந்தது.

சித்தர் அசரவில்லை. "உமக்குக் கல்லா இறுகிப்போச்சு. அதான் கசியல. இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்தும். கோயம்புத்தூரும் வேணாம்."

கருத்தாலும் ஏழு பாட்டில் மருந்து, கருக்காவிட்டாலும் ஏழு பாட்டில்!

முத்துவேல் அன்றைக்கே மாத்திரையை நிறுத்தினார். தெய்வம்மா தோட்டத்து நர்ஸ் ஜெபிஷாவிடம் ஓடினாள்.

"சிஸ்டர், நானோன்னு ஒண்ணு இருக்கா, இல்ல சும்மாவா?"

"இருக்குக்கா. அந்தத் தைரியத்துலதானே அந்தாளு புளுகுறான். அடைப்பு எங்கன்னு ஸ்கேன்ல காட்டிக்குடுக்க, மருந்தைச் சுமந்துக்கிட்டு நேரா அங்கயே போக, அந்தத் துகளை வெச்சு ஆராய்ச்சி நடக்குது. எலிங்களுக்கு நெறைய, மனுசங்களுக்குக் கொஞ்சம். இன்னும் நாளாகும். கொழுப்பு கை வழியா வடியும்னு யாரும் கண்டுபிடிக்கல. அண்ணன் மாத்திரையை விட்டா உசுருக்கே ஆபத்து, சொல்லிட்டேன்."

வீட்டில் சொன்னாள்.

"நர்சம்மா பெருசா, சித்தர் பெருசா? மருந்தை ஊத்து புள்ள. கசக்குது, சாயத்தண்ணியில கலந்து குடு."

இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பத்துக்குப் பால் விடாத தேத்தண்ணிதான் சாயத்தண்ணி. மருந்தை ஊற்றினாள். டம்ளர் மைக்கூடு மாதிரி கருத்தது.

"பாத்தியா வீரியத்த!" என்று பூரித்தார் முத்துவேல்.

தெய்வம்மா டம்ளரையே பார்த்தாள். குடிக்க விடவில்லை. வாசலில் கொட்டினாள்.

சனிக்கிழமை சாயங்காலம் மறுபடி கூட்டம். தெய்வம்மா வரிசையில் முதல் ஆள். பக்கத்தில் முறைத்துக்கொண்டு முத்துவேல்.

"கையை விடு தாயி."

"கை இருக்கட்டும் சாமி. இதுக்குப் பாருங்க." வேலைக்குக் கொண்டுபோன பிளாஸ்க்கைத் திறந்து, சாயத்தண்ணியைக் கிண்ணத்தில் சாய்த்தாள்.

கிண்ணம் அமாவாசை ஆனது.

"இந்தச் சாயத்தண்ணிக்கு எந்தக் குழாயில அடைப்பு சாமி? இதுக்கும் ஏழு பாட்டிலா?"

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். சித்தர் நெற்றியைத் துடைத்தார். "நானோ சக்தியைச் சோதிக்கக் கூடாது..."

முத்துவேல் கிண்ணத்துக்குள் குனிந்தார். முப்பது வருஷம் கவ்வாத்து வெட்டியவர். மெதுவாகச் சொன்னார்: "என் கத்தி இப்படித்தான் கருக்கும். இலைச்சாறு இரும்புல பட்டா இதே கருப்பு."

"அது சாதா இரும்பு, இது நானோ இரும்பு!"

"நானோவோ ஆணியோ, இரும்பு இரும்புதான்யா! ரெண்டு மாசமா நான் இலையைத் தொடல. என் கை கருக்கல. கொழுந்து எடுக்கிறவ கை கருக்குது. நெசமான அடைப்புக்காரன் நான்டா!"

சித்தர் கோட்டைக் கழற்றிக்கொண்டு ஜீப்பைத் தேடினார். ஜீப்புக்கு முன்னால் நாற்பது கருத்த கைகள் நின்றன. போலீஸ் வரும்வரை நகரவில்லை.

திங்கட்கிழமை விடியலில், மாத்திரை போட்டுக்கொண்டு முத்துவேல் கோயம்புத்தூர் பஸ் ஏறினார், கூடவே தெய்வம்மாவும். பக்கத்து லயத்து வீட்டுச் சுகுணா ஓடிவந்து ஜன்னலைத் தட்டினாள்.

"யக்கா, ஆளு பிராடுதான், ஒத்துக்கிறேன். ஆனா மருந்து நல்ல மருந்தா இருக்குமோ? ரெண்டு பாட்டில் மிச்சம் இருக்கு."

பஸ் நகர்ந்தது. தெய்வம்மா தலையை வெளியே நீட்டிக் கத்தினாள்:

"குப்பைக்குழியில ஊத்துடி! அடுத்த சாமியைக் கும்பிடுறதுக்கு முந்தி, அந்தக் கையைக் கழுவிட்டு, 'எப்படி'ன்னு ஒரே ஒரு வார்த்தை கேளு! கேட்டா எந்த நல்ல மருந்தும் கோவிச்சுக்காது!"