மச்சான் வராத கேம்ப்

"எங்க அண்ணனும் அதே கேம்ப்லதான் இடம் பிடிச்சிருக்காராம்" என்று மனைவி டார்லீன் சொன்னதும், ஆர்வில் டாக்கெட் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

டேட்டன் நகரத்தில் முப்பத்தோரு வருஷம் தபால் கொடுத்து, மூன்று நாய்க்கடியோடு ஓய்வு பெற்றவர் ஆர்வில். அவருக்கு ஒரே ஓர் ஆசைதான் மிச்சம். கேரவனை ஓட்டிக்கொண்டு மூன்று மாதம் ஊர் சுற்ற வேண்டும், யாரும் வந்து பேசாத இடமாகப் பார்த்துத் தங்க வேண்டும். முதல் கேம்ப் மிச்சிகன் ஏரிக்கரை. மின்சாரம், வெந்நீர், நிழல் எல்லாம் இருந்தன. இப்போது ராஸ்கோவும் இருப்பார்.

போன கோடையில் மச்சான் ராஸ்கோவின் கேரவன் பக்கத்தில் நான்கு நாள் தங்கிய அனுபவம் உண்டு. ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, தன் முழங்கால் ஆபரேஷனை அவர் இரண்டு முறை ஆதியோடந்தமாகச் சொன்னார். பதிலுக்கு ஆர்வில் தன் பயணத் திட்டத்தைப் பதினோரு பக்கமும் வாசித்துக் காட்டினார். ஆனால் அது உபயோகமான விஷயம்.

ஏரிக்கரையை ரத்து செய்துவிட்டு மொன்டானா மலையடிவாரத்தில் இடம் பிடித்தார். அங்கே மின்சாரம் கிடையாது. சொகுசுக்காரர் ராஸ்கோ எட்டிப் பார்க்க மாட்டார் என்று நம்பினார். டார்லீன் ஞாயிற்றுக்கிழமை அண்ணியோடு போனில் பேசிவிட்டு வந்தாள்.

"அண்ணன் ஏரிக்கரையை விட்டுட்டாராம். இப்ப மொன்டானாவாம்."

"நீ சொன்னியா?"

"நான் வாயே திறக்கலைங்க. அண்ணிதான் சொன்னாங்க."

மோப்பம் பிடித்துக்கொண்டு வருகிறான் என்று ஆர்வில் முடிவு கட்டினார். இனிமேல் போகுமிடம் பெண்டாட்டிக்கும் தெரியக் கூடாது. வரைபடத்தில் யாருக்கும் போகத் தோன்றாத ஓர் இடத்தைத் தேடி, நெவாடா பாலைவனத்தில் கண்டுபிடித்தார். மின்சாரமும் தண்ணீரும் கிடையாது, போன் எடுக்காது, கழிப்பறை என்பது ஒரு குழி. முப்பதடிக்கு மேல் நீளமான வண்டிக்கு அனுமதி இல்லை. அவருடைய கேரவன் முப்பத்திரண்டு.

பின்னால் இருந்த ஏணியையும் சைக்கிள் தாங்கியையும் அறுத்தெடுத்தார். அப்படியும் அரையடி மிஞ்சியது. பம்பரையும் கழற்றிப் போட்டார்.

"அடுத்தது என்னை இறக்கி விடப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு டார்லீன் ஏறி உட்கார்ந்தாள். வண்டி மாநிலம் மாநிலமாகத் தாண்டியது.

கடைசி பன்னிரண்டு மைல் மண்பாதை. ஒரு பாறை வலப்பக்கக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டது. தண்ணீர்த் தொட்டி எங்கேயோ இடிபட்டு, ஒழுகிக்கொண்டே வந்தது. ஆனாலும் புழுதிக்கு நடுவே கேம்ப் பலகையைப் பார்த்தபோது ஆர்விலுக்குக் கண் கலங்கியது. மனித வாடையே இல்லை.

வண்டியைத் திருப்பினார். அந்தப் பொட்டலில் இருந்த ஒரே மரத்தடியில் இன்னொரு கேரவன் நின்றது. அதற்கும் ஏணி இல்லை, பம்பர் இல்லை. வாசலில் கையில் தட்டோடு நின்ற ராஸ்கோ இவரைப் பார்த்ததும் வெளிறிப்போய், உள்ளே புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆர்வில் இறங்கி நேராகக் காவல்கூண்டுக்குப் போனார். அங்கே ஒரு வயதான அம்மாள் குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஆள் மாநிலம் மாநிலமாகத் தன்னைத் துரத்துகிறான், இந்த இடத்தை அவனுக்குச் சொன்னது யார் என்று ஆர்வில் மூச்சிரைக்கக் கேட்டார்.

அம்மாள் மூக்குக்கண்ணாடியை இறக்கி அவரை ஒரு தடவை பார்த்தாள்.

"அட, அந்த மச்சான் நீங்கதானா? நீங்க எங்க போனாலும் தேடி வந்துடறீங்கன்னு, பாவம், அந்த மனுஷன் பத்து நாளா இங்க ஒளிஞ்சிருக்காரு."