லச்சு போஜன முன்னேற்றக் குழு

குழந்தைக்குச் சோறு ஊட்டுவது தாயின் வேலை என்று உலகம் நெடுங்காலமாகத் தவறாக நினைத்துக்கொண்டிருந்தது. அது ஒரு நிர்வாகப் பிரச்சினை என்று முதன்முதலில் கண்டறிந்தவர் என் கணவர் வெங்கடசுப்ரமணியன். அரசாங்கத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். உண்மையில் ஓய்வு கிடைத்தது அரசாங்கத்துக்குத்தான் என்று எங்கள் கரமனை வட்டாரத்தில் சில பொறாமைக்காரர்கள் சொல்வதுண்டு.

நிர்வகிக்கப்பட வேண்டிய குழந்தை, எங்கள் மாடியில் குடியிருக்கும் என் மைத்துனர் ஸ்ரீநிவாஸின் மகள் ஸ்ரீலக்ஷ்மி. வீட்டில் லச்சு. ஏழு வயது. ஆட்டிசம் உள்ள குழந்தை. வெறும் வெள்ளைச் சோறு, இட்லி, உடையாத பப்படம், நேந்திரங்காய் வறுவல், மஞ்சள் உறையில் வரும் ஒரு பிஸ்கட் ஆகிய ஐந்தைத்தான் அவள் சாப்பிடுவாள். அந்த ஐந்தும் ஒன்றையொன்று தொடக் கூடாது. பப்படத்தின் ஓரம் கொஞ்சம் முறிந்திருந்தாலும் அது அவளுக்குப் பப்படம் இல்லை. ஏதோ விபத்தில் மாட்டிக்கொண்ட பொருள்.

இந்த ஐந்தில் இட்லி சேர்ந்த கதையே ஒரு காவியம். லச்சுவின் அம்மா சீதாலக்ஷ்மி ஏறக்குறைய ஒரு வருஷம் இட்லிக்காகத் தூது போனாள். முதலில் மேசையின் அந்தக் கோடியில் ஓர் இட்லி வெறுமனே உட்கார்ந்திருக்கும். பிறகு கொஞ்சம் அருகே வரும். பிறகு லச்சு அதை ஒரு விரலால் தொட்டாள். முகர்ந்தாள். நாக்கால் தொட்டுவிட்டு ஓடிப்போனாள். கடைசியில் ஒருநாள் காலை யாரும் பார்க்காதபோது கடித்தாள். எங்கள் அகத்தில் பெண் பார்க்கும் படலங்கள்கூட இவ்வளவு நிதானமாக நடந்ததில்லை.

இப்படிப்பட்ட 'மெத்தனத்தை' என் கணவரால் பொறுக்க முடியவில்லை. 'லச்சு போஜன முன்னேற்றக் குழு' உதயமாயிற்று. தலைவர் அவர். துணைத் தலைவர் அவருடைய அத்தை சிவகாமியம்மாள். உறுப்பினர் ஸ்ரீநிவாஸ். செயலாளர் நான். குழந்தையின் தாய்க்கும் உரிய கௌரவம் தரப்பட்டது: அவள் 'சிறப்பு அழைப்பாளர்'. பேசலாம், ஆனால் வாக்கு கிடையாது.

முதல் கூட்டத்தில் நான் ஒரு சந்தேகம் கேட்டேன்.

"ஏன்னா, கோந்தே இட்லி சாப்டறாளே, அது போறாதா?"

"இட்லில என்னடி இருக்கு? வெறும் மாவு! கேரட் எங்கே? கீரை எங்கே? புரதம் எங்கே?"

அத்தை வெற்றிலைப் பெட்டியை மூடினார். "பட்டினி போடுடா வெங்கிட்டு. பசி வந்தா கல்லையும் தின்னும்."

"அத்தை, நீங்க ஏகாதசி அன்னிக்குக் காலம்பற பத்து மணிக்கே தலையச் சுத்தறதுன்னு தட்டு நிறையச் சேவை பண்ணிக் குடுக்கச் சொல்றேளே?"

"அது பசி இல்லடீ, பித்தம். ரெண்டுக்கும் வித்யாசம் தெரியாதா உனக்கு?"

பட்டினித் தீர்மானத்தைச் சிறப்பு அழைப்பாளர் அழுகையால் தோற்கடித்தார். உடனே தலைவர் 'மறைமுக ஊட்டச்சத்துத் திட்டம்' ஒன்றை முன்மொழிந்தார். கேரட்டை விழுதாக அரைத்து, இட்லி மாவில் யாருக்கும் தெரியாமல் கலப்பது. எதிரி நாட்டுக்குள் ஒற்றனை அனுப்புவதற்கு நிகரான ராஜதந்திரம்.

நான் சாலைக் கடைத்தெருவுக்குக் காய் வாங்கப் போயிருந்தபோது, சீதாவும் வேலைக்குப் போயிருந்தபோது, திட்டம் நிறைவேற்றப்பட்டது. என் கணவர் தம் வாழ்நாளில் முதன்முறையாக மிக்ஸியை இயக்கினார். மூடி போட வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. அடுக்களைக் கூரையில் இன்றும் அந்தச் சரித்திரச் சின்னத்தைப் பார்க்கலாம்.

ஒற்றனாக அனுப்பப்பட்ட இட்லி அந்திச் சூரியன் மாதிரி ஆரஞ்சு நிறத்தில் இருந்தது என்று பிறகு அறிந்தேன். லச்சு அதைப் பார்த்தாள். முகர்ந்தாள். தட்டை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு படியிறங்கினாள். வாசல் கதவைத் திறந்து, தெருவில் வைத்து, உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டாள். இட்லி நாடு கடத்தப்பட்டது.

அன்றிலிருந்து வெள்ளை இட்லியையும் அவள் தொடவில்லை. ஐந்து நான்காயிற்று. குழு இதைத் தோல்வியாகக் கருதவில்லை. 'உணவு வகைகளைச் சீரமைத்தல்' என்று கருதியது.

சீதா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். கையில் லச்சுவின் பாவாடை.

"மன்னி, இதோட இடுப்பை மறுபடியும் பிடிச்சுத் தைக்கணும். நிக்கவே மாட்டேங்கறது. இட்லி போயிடுத்து. நாளைக்கு இவா சாதத்துல எதையாவது கலந்து, அவ சாதத்தையும் விட்டுட்டான்னா நான் எதைக் குடுப்பேன் மன்னி?"

செயலாளரிடம் ஊசியும் நூலும்தான் இருந்தன.

அடுத்த கூட்டத்துக்கு, லச்சுவுக்குப் பயிற்சி கொடுக்கும் ஜிஜி என்ற பெண்ணைச் சீதா கூட்டிவந்தாள். மலையாளிப் பெண். தமிழை மலையாளத்தில் நனைத்துப் பேசுவாள்.

"சார், இது பிடிவாதம் அல்ல, கேட்டோ. பேடி. பயம். நமக்கு லேசா அடிக்கிற வாசனை அவளுக்கு மூக்குல இடிக்கும். பப்படம்னா இன்னிக்கும் நாளைக்கும் ஒரே மாதிரி இருக்கும் அல்லே? அதனால அவ நம்புறா. நீங்க இட்லிக்குள்ள ஒளிச்சு வச்சீங்க. இப்ப இட்லியே கள்ளனாயிடுச்சு."

"சரி, பரிகாரம் என்ன?" என்றார் தலைவர்.

"ஃபோர்ஸ் வேண்டாம், ஒளிக்கவும் வேண்டாம். புதுசா ஒண்ணு பக்கத்துல சும்மா இருக்கட்டும். பாக்கட்டும், தொடட்டும். இஷ்டமில்லேன்னா இப்ப அலறிக்கிட்டு ஓடுறா. அதுக்குப் பதிலா 'வேண்டாம்'னு வாயால சொல்லப் படிக்கணும். வேண்டாம்னு சொன்னா நம்ம நிறுத்துவோம்னு அவளுக்குத் தெரியணும். அதுதான் முதல் ஜெயம்."

என் கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சாப்பிட வைக்கக் கூப்பிட்டா, வேண்டாம்னு சொல்லக் கத்துக் குடுக்கறேளா? அதுக்கு எங்காத்துல ஆள் குறைச்சலா?"

ஜிஜியின் ஆலோசனையைக் குழு 'கவனத்தில் எடுத்துக்கொண்டது'. அதாவது, எடுத்து எங்கேயோ வைத்துவிட்டது.

இதற்கிடையில் என் கணவருக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. மண்டபம் பார்த்தாயிற்று. சமையல்கார சாமி விருந்துக்கான குறிப்புக் கேட்க வீட்டுக்கு வந்தார். பொறுமைசாலி. எதைச் சொன்னாலும் 'ஆயிக்கோட்டே' என்பார். அப்படியே ஆகட்டும் என்று அர்த்தம்.

"கத்தரிக்காய் கூடவே கூடாது," என்றார் என் கணவர். "விதை நாக்குல பட்டா எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துடும்."

"ஆயிக்கோட்டே."

"இங்கிலீஷ் காய்கறி எதுவும் என் இலைல விழப்படாது," என்றார் அத்தை. "எனக்குத் தனி அடுப்பு, தனிக் கரண்டி. கரண்டி பிடிக்கறவன் குளிச்சிருக்கணும். குளிச்சதை நான் பாத்திருக்கணும்."

சாமி ஒரு கணம் தடுமாறினார். "...ஆயிக்கோட்டே."

"நான் ரெண்டு மணிக்கு முன்னாடி எதையும் தொடமாட்டேன். அரிசி, சக்கரை, பருப்பு கிடையாது," என்றார் ஸ்ரீநிவாஸ், கைப்பேசியில் ஏதோ செயலியைப் பார்த்துக்கொண்டே.

"பின்னே சாருக்கு சத்யை விருந்துல, இலைல எந்தா விளம்புறது?"

"நெய். தேங்காய்."

"ஆயிக்கோட்டே."

கோயம்புத்தூர் சம்பந்தி மாமாவுக்குப் பெருங்காயம் ஆகாது என்று தொலைபேசியில் செய்தி வந்தது. அதற்கும் ஆயிற்று. இவை எதுவும் பிடிவாதம் அல்ல என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். என் கணவருடையது 'சரீர வாகு'. அத்தையுடையது 'ஆசாரம்'. ஸ்ரீநிவாஸுடையது 'டயட்'. சம்பந்தியுடையது சம்பந்தியுடையது.

கடைசியில் சீதா மெல்லச் சொன்னாள். "லச்சுவுக்கு ஒரு தட்டுல வெறும் சாதம். இன்னொரு தட்டுல உடையாத பப்படம். ரெண்டும் தொடாம. அவ்வளவுதான்."

"ஆயிக்—" என்று ஆரம்பித்த சாமியை என் கணவர் கையுயர்த்தி நிறுத்தினார்.

"அது சரிப்படாது சீதா. ஒருத்தருக்காக நியமத்தை மாத்தினா நாளைக்கு எல்லாரும் கேப்பா."

கூடத்தில் அனைவரும் தலையாட்டினார்கள். நெய்யும் தேங்காயும் மட்டும் சாப்பிடப்போகிறவர்தான் எல்லோரையும்விடப் பலமாக ஆட்டினார்.

தலைவர் தம் மகத்தான முடிவை அறிவித்தார். லச்சு முதல் பந்தியில் அவர் பக்கத்தில் உட்காருவாள். முழு இலை. அவரே தம் கையால் முதல் கவளத்தை ஊட்டுவார்.

"அறுபதாம் கல்யாண மாப்பிள்ளை கையால ஒரு வாய்! அந்த ஆசீர்வாதம் தொண்டைல இறங்காம எங்கே போகும்?"

சீதா என்னைப் பார்த்தாள். சாதத்தையும் விட்டுட்டான்னா என்று அந்தப் பார்வை கேட்டது.

கல்யாண நாள். நான் மறுபடியும் மணப்பெண். ஒன்பது கஜத்தில் ஒரு சின்னக் கோபுரம் மாதிரி என் கணவரின் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். அவருடைய வலப்பக்கம் லச்சு, நாயனச் சத்தத்துக்காகக் காதுகளில் பெரிய நீல ஹெட்ஃபோனோடு. அவளுக்குப் பின்னால் சீதா, ஒன்றில் வெறும் சாதம், ஒன்றில் உடையாத பப்படம் என்று இரண்டு சின்ன எவர்சில்வர் தட்டுகளைக் கைக்கொன்றாக ஏந்தியபடி. எதிர் வரிசையில் விருந்தாளியாக ஜிஜி.

பரிமாற ஆரம்பித்தார்கள். லச்சுவின் இலையில் அவியல் தயிர்க் கிச்சடிக்குள் புகுந்தது. கிச்சடி தோரன் பொரியலோடு கூட்டணி வைத்தது. சாதத்தின் தலையில் பப்படத்தைச் செருகினார்கள். அதன் விளிம்பு பருப்பில் நனைந்து வளைந்தது. லச்சுவின் விரல்கள் இலையோரத்தைத் தட்டத் தொடங்கின. வேகம் கூடியது.

என் கணவர் அவள் சாதத்தில் நெய்யும் பருப்பும் பிசைந்து, ஓர் எலுமிச்சம்பழ அளவு உருட்டி, உயர்த்தினார். சுற்றிலும் கைப்பேசிகள் உயர்ந்தன.

"ஆ காட்டு கோந்தே! ஆ!"

பந்தி முழுவதும் உற்சாகமாக வாயைத் திறந்து "ஆ" என்றது. மண்டபத்தில் மூடியிருந்தது ஒரே ஒரு வாய். கவளம் நெருங்கியது. சீதா இரண்டு தட்டுகளோடும் ஓரடி முன்னே வந்தாள். இந்தக் கவளம் உள்ளே திணிக்கப்பட்டால் சோறும் இட்லியைப் பின்தொடர்ந்து வாசலுக்குப் போகும் என்பது அங்கே எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும். அலறல் வரப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அலறல் வரவில்லை. கண்ணைத் திறந்தேன். லச்சு தன் உள்ளங்கையைப் போக்குவரத்துப் போலீஸ் மாதிரி கவளத்தின் முன்னால் நீட்டியிருந்தாள். ஜிஜியிடம் பயிற்சிக்குப் போகும் நாட்களில் தம்பானூரில் பஸ்ஸுக்காக நிற்கும்போது கேட்ட 'பயணிகள் கவனத்திற்கு' என்ற மலையாள அறிவிப்புக் குரல் அவளிடமிருந்து வந்தது, ஏற்ற இறக்கம் பிசகாமல்:

"யாத்ரக்காருடெ ஸ்ரத்தைக்கு. லச்சுவுக்கு... வேண்டாம்."

எதிர் வரிசையில் ஜிஜி எச்சில் கையோடு எழுந்தே விட்டாள். "பறஞ்ஞு! சேச்சி, கேட்டோ? வேண்டாம்னு சொல்லிட்டா!"

சீதா அழுதாள். சிரித்தாள். இரண்டையும் சேர்த்துச் செய்தாள்.

"பாத்தேளா, மறுத்துட்டா!" என்று என் கணவர் கவளத்தை அந்தரத்தில் பிடித்தபடி பந்தியிடம் முறையிட்டார். பந்தியோடு சேர்ந்து வேடிக்கை பார்த்த சாம்பார்க்காரர், பார்த்தபடியே அவர் இலையில் சாம்பாரை ஊற்றினார். சாம்பார் சரசரவென்று ஓடி, இலை மூலையில் சாஸ்திரத்துக்கு விட்டிருந்த பாயசத்தில் கலந்தது.

"ஐயையோ!" மாப்பிள்ளை துள்ளினார். "ஒண்ணோடொண்ணு சேந்துடுத்தே! மனுஷன் எப்படிச் சாப்பிடுவான் இதை? பாக்கவே குமட்டறது! இலையை மாத்துங்கோ, இலையை மாத்துங்கோ!"

நான்கு பேர் ஓடினார்கள். பழைய இலை போயிற்று, புது இலை வந்தது. யாரும் தீர்மானம் கொண்டுவரவில்லை. பசி வந்தால் தின்பார் என்று அத்தை சொல்லவில்லை. ஊட்டச்சத்துப் பற்றிப் பேச்சே எழவில்லை.

லச்சு இதையெல்லாம் கூர்ந்து பார்த்தாள். பிறகு தன் இலையை இரண்டு விரல்களால் முன்னே தள்ளினாள்.

"யாத்ரக்காருடெ ஸ்ரத்தைக்கு. லச்சுவுக்கு இலை மாத்துங்கோ."

பரிமாறுகிறவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் அத்தையைப் பார்த்தார். அத்தை தம் தனிக் கரண்டியைப் பார்த்தார்.

"மாத்துங்கோ," என்றேன் நான். கல்யாணப் பெண்ணின் வாக்கை அன்றைக்கு யாரும் தட்ட முடியாது. முதல் கல்யாணத்தில் இது எனக்குத் தெரியாமல் போயிற்று.

காலி இலை வந்தது. சீதா அதன்மேல் இரண்டு தட்டுகளையும், நடுவே இடைவெளி விட்டு வைத்தாள். லச்சு சோற்றைச் சாப்பிட்டாள், முழுதாக. பப்படத்தை எடுத்து எங்கும் முறிவு இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கடித்தாள். அந்தச் சத்தம், நாயனம் ஓய்ந்திருந்த ஒரு நொடியில், மண்டபம் முழுக்கக் கேட்டது.

சாப்பாடு முடிந்து தாம்பூலம் போடும்போது என் கணவர் கோயம்புத்தூர் சம்பந்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "குழந்தை இன்னிக்கு முதல் பந்தில உக்காந்து சாப்ட்டுது பாத்தேளா? எல்லாம் குழுவோட உழைப்பு. செயலாளர் இதோ இருக்கா, கேளுங்கோ."

"அப்படியா மாமி?" என்றார் சம்பந்தி. "குழந்தைக்குச் சாப்பாட்டுல ஏதோ பிரச்சினைன்னு சொன்னாளே?"

செயலாளர் என்ற முறையில் அறிக்கை தருவது என் கடமை.

"பிரச்சினை எங்காத்துல எல்லாருக்கும் உண்டு மாமா," என்றேன். "எங்களுக்கெல்லாம் சமையல்காரரைக் கூப்பிட்டோம். அவளுக்கு மட்டும் குழு போட்டோம்."