அருந்ததியை அழித்தவன்

கல்யாணத்தில் அருந்ததியை யாரும் பார்ப்பதில்லை. பகலில் எங்கே தெரியும்? வெளிச்சம் எந்தப் பக்கம் நன்றாக விழுகிறதோ, அந்தப் பக்கம் கையைக் காட்டச் சொல்வோம். மாப்பிள்ளை காட்டுவார். பெண் தலையாட்டும். ஒரு கிளிக். அவ்வளவுதான் அருந்ததி.

நான் கல்யாண போட்டோகிராபர். ஊர் வள்ளியூர். வேலை திருவனந்தபுரம் தம்பானூரில் ஒரு ஸ்டுடியோவில். படிப்பு எட்டாவதோடு சரி.

திருவனந்தபுரத்திலேயே ஸ்ரீவராகத்தில் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண் பெயர் சுஜா. காலேஜில் பிசிக்ஸ் லேபில் வேலை. அப்பா நாகர்கோவில்காரர். எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. அவள் காபியைக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"அருந்ததிய எடுத்திருக்கீங்களா?"

"நெறைய."

"ஜோடிய இல்ல. நட்சத்திரத்த."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "எந்த இருட்டுலயும் எடுப்பேன்" என்றேன். (அதிகம் பேசுகிற ஆள் இல்லை நான். அன்றைக்கு மட்டும் வாய் நீண்டுவிட்டது.)

"மாடில தொலைநோக்கி வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழம சாயங்காலம் கேமராவோட வாங்க. படத்தப் பாத்துட்டுப் பதில் சொல்லுதேன்."

போனேன். வைகாசி மாதம். மழை விட்டு வானம் சுத்தமாக இருந்தது. பொழுது அடைந்ததும் தொலைநோக்கியை வடக்கே திருப்பினாள். என் கேமராவின் லென்ஸைக் கழற்றிவிட்டு, மீதியைத் தொலைநோக்கியில் கண் வைக்கும் இடத்தில் மாட்டினாள்.

"இரட்டை நட்சத்திரம். ரெண்டும் ஒட்டாம வரணும்" என்றாள்.

இருட்டு என்றால் கேமராவின் ஒளியுணர்வை, அதாவது ஐஎஸ்ஓவை ஏற்று, ஷட்டரைத் திறந்து வை. எனக்குத் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான். அப்படியே செய்தேன். ஸ்கிரீனில் தடியாக ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது.

அவள் அப்பா எட்டிப் பார்த்தார். "புட்டு மாதிரில்லா இருக்கு தம்பி."

ஷட்டரைக் கொஞ்சம் குறைத்தேன்.

"இப்ப இட்லி."

சுஜா சிரிக்கவில்லை. "மண்டபத்துல குத்துவிளக்குச் சுடர மட்டும் எடுக்கச் சொன்னா என்ன செய்வீங்க?"

"எல்லாத்தையும் குறைப்பேன்."

"இதுவும் விளக்குதான். குறைங்க."

குறைத்தேன். லென்ஸ் இல்லாததால் ஆட்டோ ஃபோகஸும் இல்லை. ஸ்கிரீனில் பெரிதாக்கி, நட்சத்திரம் எவ்வளவு சின்னப் புள்ளி ஆகுமோ அவ்வளவு ஆகும்வரை தொலைநோக்கியின் திருகைத் திருப்பினாள். விரல் பட்டால் ஆடும், டைமர் வையுங்க என்றாள். ஐஎஸ்ஓ கீழே. ஷட்டர் கண் இமைப்பதைவிட வேகம்.

"மேல காத்து நடுங்கிட்டே இருக்கும். நெறைய எடுங்க. அசையாததப் பொறுக்கிக்கலாம்."

கண் மூடாத படத்தைப் பொறுக்குவது எனக்குப் பழக்கம். பொறுக்கினேன். இரண்டு புள்ளிகள். ஒருவர் கொஞ்சம் பெரியவர், ஒட்டினாற்போல் ஒருவர் சின்னவர். நடுவில் கறுப்பாக ஒரு மயிரிழை. மணவறையில் எத்தனையோ ஜோடிகளை எடுத்திருக்கிறேன். இத்தனை அழகாக ஒரு ஜோடி நின்றதில்லை. ஸ்கிரீனைப் பார்த்தேன். அவளையும் பார்த்தேன். முகத்தில் ஒரு அலட்டல் இல்லை.

"கொள்ளாம்" என்றாள். திருவனந்தபுரத்தில் அது பெரிய பாராட்டு.

அதோடு விட்டிருக்கலாம். பிரேம் போட்டுத் தருகிறேன் என்றேன்.

ஸ்டுடியோவில் பிரிண்ட் போடும் முன் படத்தைத் துடைப்போம். ஜோடிக்குப் பின்னால் யாராவது சாம்பார் வாளியோடு போயிருப்பார். அவரை எடுத்துவிடுவோம். இந்தப் படத்திலும் ஜோடியைவிட்டுத் தள்ளி ஒருவர் தனியாக நின்றார். துடைத்துவிட்டேன். படம் பளிச்சென்று ஆனது. எனக்கே பெருமையாக இருந்தது.

பிரேமைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"தள்ளி இன்னொண்ணு இருந்துச்சே?"

"எடைஞ்சலா நின்னுச்சு. எடுத்துட்டேன்."

"அதாக்கும் அருந்ததி."

பிரேமில் இருந்த ஜோடியைத் தொட்டுக் காட்டினேன். "அப்ப இது ரெண்டும்?"

"ரெண்டும் வசிஷ்டர். வெறுங்கண்ணுக்கு ஒண்ணாத் தெரிவாரு. தொலைநோக்கில பாத்தா ரெண்டு. அதத்தான் ஒட்டாம எடுக்கச் சொன்னேன்."

அவள் அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார். "கல்யாணத்துக்கு முன்னாடியே பொண்டாட்டிய அழிச்சிட்டாரே. மக்ளே, நல்லா யோசிச்சுக்கோ."

கல்யாணம் போச்சு என்று நினைத்தேன். கேமராவை எடுத்து, துடைக்காத படத்தைத் திறந்து அவளிடம் நீட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தாள். நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள்.

"மூணும் என்ன சுத்தமா வந்திருக்கு. எனக்கே இப்படி வந்ததில்ல" என்றாள். அப்புறம் அப்பாவைப் பார்த்து, "எனக்குச் சம்மதம்பா. ஆனா எங்க கல்யாணப் படத்துல இவரு எதையும் தொடக்கூடாது."

தொடவில்லை. ஆல்பத்தில் அவள் சித்தப்பா கொட்டாவி விடுகிறார். தாலி கட்டும்போது என் மூக்கில் ஒரு பரு, நல்ல ஃபோகஸில்.

வீட்டில் சாவி, குடை, குழம்பில் உப்பு, எதைக் காணவில்லை என்றாலும் மாமனார் தேடுவதில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டே சொல்வார்.

"மாப்பிள்ளட்ட கேளு. எடைஞ்சலா நின்னுருக்கும்."