கொள்கை அளவில் ஒரு வலை

கூட்டங்களில் எதிர்த்துப் பேசுகிறவரைக் கண்டு பயப்படாதீர்கள். அவர் கத்துவார், மேஜையைத் தட்டுவார், தண்ணீர் குடிப்பார், அடங்கிவிடுவார். நான் சொல்ல வந்தது வேறோர் இனம். கொள்கை அளவில் ஆதரிப்பவர். இவருக்குக் குரலே உயராது. நிதானமாக எழுந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, "கொள்கை அளவில எனக்கு முழு சம்மதம்" என்பார். போச்சு. அந்தக் காரியத்துக்கு அன்றோடு சரி.

எங்கள் பூங்காக் குழுவில் இந்த இனத்தின் அசல் மாதிரி ஒருவர் இருக்கிறார். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நேரில் அவர் சார். முதுகுக்குப் பின்னால் கொள்கையார். அவர் வீட்டு வரவேற்பறை மின்விசிறி கிறீச்சிடுவதை நிறுத்த வேண்டும் என்பதை அவர் கொள்கை அளவில் ஏற்றுக்கொண்டு வெகு காலமாகிறது. இந்தக் கம்பெனியா அந்தக் கம்பெனியா, மூன்று இறக்கையா நான்கா என்று அவர் ஆராய்ந்துகொண்டிருந்தபோதே, அவர் மனைவி ஒருநாள் ஏணி போட்டு ஏறி எண்ணெய் விட்டுவிட்டார். அதிலும் இவருக்கு வருத்தம்தான். எந்த எண்ணெய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமாம்.

கெட்ட மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். தங்கமான மனிதர். அதுதான் தொல்லையே.

பூங்காவின் கோடியில் விளையாட்டு மைதானம். அதை ஒட்டினாற்போல் பெரிய சாலை. மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் ஒரு பெண், வேலை முடிந்த கையோடு வந்து, அக்கம்பக்கத்துப் பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித் தருகிறார். பிள்ளைகள் உதைக்கிற உதைக்குப் பந்து சுவரைத் தாண்டிச் சாலைக்குப் போகும்; பந்துக்குப் பின்னால் ஒரு பிள்ளையும் போகும். ஒருநாள் லாரி ஒன்று போட்ட பிரேக் சத்தத்தில் பூங்காவே எழுந்து நின்றது. நல்ல வேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நகராட்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டது: மாதக் கடைசிக்குள் சுவர் மேல் உயரமாக வலை கட்ட வேண்டும், இல்லையென்றால் அங்கே பந்தே கூடாது.

சாலைக்கு எதிர்ப்புறம் டயர் கடை. பாதிப் பந்துகள் அங்கேதான் போய் விழும். கடைக்காரர், வலையை நானே வாங்கிக் கட்டித் தருகிறேன், அதில் என் கடைப் பெயரைப் போட்டு ஒரு பலகை மட்டும் மாட்டிக்கொள்கிறேன் என்றார். கூட்டத்தில் நர்ஸம்மா இதைச் சொன்னதும் எல்லோருக்கும் வாயெல்லாம் பல். கை தூக்கப் போனோம். கொள்கையார் எழுந்தார்.

"கொள்கை அளவில எனக்கு முழு சம்மதம். ஆனா இது பொது இடம். இன்னைக்கு டயர்னு விடுவோம். நாளைக்குப் பல்பொடிக்காரன் வருவான். அப்புறம் மரத்துக்கு மரம் ஜட்டி விளம்பரம் தொங்கும், பரவாயில்லையா?"

நாங்கள் அத்தனை பேரும் ஜன்னல் வழியாக மரங்களைப் பார்த்தோம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கே இரண்டு கிளையில் ஏதோ தொங்குவது போலத்தான் தெரிந்தது.

குழுவில் இருக்கும் தையற்கடை அம்மாள் மட்டும் அசரவில்லை. "குளத்தோரமா இருக்கிற பெஞ்சில உங்க அப்பா பேர் இருக்கே சார்?" என்றார்.

"அது நினைவும்மா. எங்கப்பா எதையும் விக்கலியே."

தையற்கடை அம்மாள் உட்கார்ந்துவிட்டார். ஆனால் கொள்கையார் யாரையும் கைவிடுகிறவர் அல்லர். வழியும் அவரே சொன்னார். விளம்பரம் என்றால்தானே வம்பு? 'உபயம்' என்று போட்டுவிட்டால்? ஆகா என்றோம். தாளில் பலகை வரைந்து, 'உபயம்' என்று எழுதி, அதன் கீழே கடைப் பெயர், தொலைபேசி எண். எண் இருந்தால் அது விளம்பரம்தானே என்றார் ஒருவர், எண் போயிற்று. 'டயர்' என்ற சொல்லே வியாபாரம் என்றார் இன்னொருவர், டயர் போயிற்று. டயர் இல்லாத கடை என்ன கடை என்று கேள்வி வந்தது, கடையும் போயிற்று. மிச்சம் இருந்தது முதலாளியின் பெயர். அது தற்புகழ்ச்சி இல்லையா? அதையும் அடித்தோம். கடைசியில் பலகையில் நின்றது ஒரே சொல்: உபயம். யார் உபயம், எதற்கு உபயம் என்று அந்தப் பலகைக்கே தெரியாது. ஒரு சொல்லுக்கு இவ்வளவு நீளமான பலகை எதற்கு என்று கொள்கையார் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தபோது, நர்ஸம்மா போய் டயர் கடைக்காரரையே கூட்டி வந்துவிட்டார்.

அவர் அந்த ஒற்றைச் சொல்லைப் படித்தார். சிரித்தார். "பலகையே வேணாங்க. வலையை மட்டும் கட்டிட்டுப் போறேன். உடையறது என் கடைக் கண்ணாடிதானே" என்றார்.

அப்பாடா என்று மூச்சு விட்டோம். முழு மூச்சு விடுவதற்குள் கொள்கையார் எழுந்துவிட்டார். கொள்கை அளவில் இது மிகப் பெரிய மனசு. அதை அவர் மறுக்கவே இல்லை. ஆனால் பேரே வேண்டாம் என்று கொடுக்கிறவர் பின்னால் எதைக் கேட்பாரோ? பேர் போட்டிருந்தாலாவது இவ்வளவுதான் என்று கணக்கு முடிந்திருக்கும் அல்லவா? எனவே இதை ஆராய ஒரு துணைக்குழு போடலாம். போட்டோம். தலைவர் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நர்ஸம்மா அவரிடமே மெதுவாகக் கேட்டார்: "அண்ணே, உங்களுக்கு இந்தப் பிள்ளைங்க விளையாடறது பிடிக்கலியா?"

கொள்கையாரின் முகம் வாடிப்போயிற்று. "என்னம்மா இப்படிக் கேட்டுட்டே? முதல்ல ஆதரிச்சவனே நான்தானே?" என்றார். கண் கலங்கியது நிஜம். பிள்ளைகளின் ஒரு ஆட்டத்தைக்கூட அவர் தவறவிட்டதில்லை. கோல் விழுந்தால் முதலில் கேட்பது அவர் கைத்தட்டல்தான். மனுஷன் பொய் சொல்லவில்லை. அதனால்தான் அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை, எனக்கு எரிச்சல் மட்டும் தீரவே இல்லை.

மாதம் முடிந்தது. துணைக்குழு ஆராய்ந்துகொண்டிருக்கிறது. கடைக்காரர் வாங்கி வைத்த வலை, அவர் கடையில் டயர்களுக்குப் பின்னால் சுருண்டு கிடக்கிறது.

இப்போது உங்களிடம் வருகிறேன். படித்துக்கொண்டு வரும்போதே உங்களுக்கு ஒரு யோசனை தோன்றியிருக்குமே? பலகையைச் சாலைப் பக்கம் பார்க்க மாட்டியிருக்கலாம் என்றோ, எழுத்தைக் கொஞ்சம் சின்னதாகப் போட்டால் யாருக்கும் உறுத்தாது என்றோ? நல்ல யோசனைதான். அடுத்த கூட்டத்துக்கு அவசியம் வாருங்கள், கொள்கையார் தம் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டு வைப்பார். ஆனால் அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. தினமும் சாயங்காலம் வருகிறார்கள். நர்ஸம்மா விசில் ஊதுகிறார். ஓடுகிறார்கள், திரும்புகிறார்கள், ஒருவருக்கொருவர் கொடுக்கிறார்கள், வாங்குகிறார்கள், உதைக்கிறார்கள். பந்துதான் இல்லை.