பெண் பார்க்கப் போய் மாதாவைப் பார்த்தேன்

பெண் பார்க்கப் போகிறவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகக்கூடாது. இதைச் சொல்லக் கண்டி மாவட்டத்திலேயே என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது.

அப்போது அம்பிட்டியவில் வீடு, ஒரு கந்தோரில் கிளார்க் உத்தியோகம், முன்தலையில் முடி விடைபெற்றுக்கொண்டிருந்த வயது. ஏற்கெனவே பேசிய சம்பந்தங்கள் எல்லாம் தட்டிப்போயிருந்தன. கடைசியாக வந்தது ஹுன்னஸ்கிரிய பக்கத்துத் தேயிலைத் தோட்டக் கோயில் உபதேசியாரின் மகள், செலின் டீச்சர். (உபதேசியார் என்றால் ஃபாதர் வராத ஞாயிறுகளில் ஜெபம் நடத்துகிறவர். ஃபாதரைவிடக் கண்டிப்பானவர்.) விசுவாசப் பிரமாண ஜெபத்தைப் பாதியில் மறந்துபோன ஒரு மாப்பிள்ளையைத் தேத்தண்ணிகூடக் கொடுக்காமல் அனுப்பியவர் என்று அத்தை என்னை எச்சரித்திருந்தாள். படத்தில் செலினைப் பார்த்த நாளிலிருந்து நான் பிரமாணத்தை பஸ்ஸில்கூட முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பெண் கிடைக்காவிட்டால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்ற நிலை.

எங்களில் பலர் முதல் சந்திப்பை வீட்டில் வைப்பதில்லை. பொது இடத்தில் 'தற்செயலாக' சந்திப்பார்கள். சரிவராவிட்டால் யாருக்கும் தலைகுனிவு இல்லை. அத்தை பேராதனைப் பூந்தோட்டத்தைச் சொன்னாள். உபதேசியார் போனிலேயே பதறிவிட்டார்.

"அங்க குடைக்குள்ள ஜோடி ஜோடியா உக்காந்திருக்குங்க. நமக்குச் சரிப்படாதுங்க."

அவர் தேர்ந்தெடுத்தது, உலக யுத்தத்தில் காயப்பட்ட சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரியாக இருந்து இப்போது நினைவு அருங்காட்சியகமாகிவிட்ட ஒரு பழைய கட்டடம். அன்றைக்குச் செலின் தன் வகுப்புப் பிள்ளைகளை அங்கே கூட்டி வருகிறாளாம். காதல் செய்ய யாரும் வராத இடம் என்பது அவருக்குக் கூடுதல் திருப்தி.

உள்ளே மங்கலான வெளிச்சம். இரும்புக் கட்டில்களில் கட்டுப்போட்ட மெழுகுச் சிப்பாய்கள். நானும் அத்தையும் போய்க்கொண்டிருந்தபோது பின்னால் உபதேசியாரின் குரல் கேட்டது.

"அடடே, நீங்களும் இங்கயா!" (காலையிலிருந்து மூன்று தடவை போனில் பேசியவர்.)

அந்த நேரம் பார்த்து வார்ட்டின் கடைசியில் அவள் தெரிந்தாள். வெள்ளை உடை, வெள்ளை முக்காடு, நீல மேலாடை, காலடியில் பூ வளையங்கள். மாதா சுரூபம்! என் பக்தியைக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா? விறுவிறுவென்று போய் முழந்தாளிட்டு, பாதத்தைத் தொட்டு முத்தமிட்டேன்.

"பயப்படாதே மகனே," என்றாள் மாதா. "நான் உன் பக்கத்தில்தான் இருக்கிறேன்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"மாதா பேசுறாங்க!" என்று கட்டடமே அதிர அலறினேன்.

அத்தை நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். உபதேசியார் ஓடிவந்து என் பக்கத்தில் தொப்பென்று முழந்தாளிட்டார். மாதா கருணையோடு தொடர்ந்தாள்.

"உன் முழங்காலில் விஷம் ஏறிவிட்டது. நாளைக்கு டொக்டர் அந்தக் காலை வெட்டி எடுத்துவிடுவார். அழாதே."

உபதேசியாருக்கு வருடக்கணக்காக முழங்கால் வலி. மனிதர் வெளிறிப்போனார்.

"மாதாவே! என் கால விட்டுருங்க! உங்கள மொதல்ல கண்ட இந்தத் தம்பிக்கே என் மகளத் தர்றேன். இது என் நேர்ச்சை!"

"அடுத்த கூடத்துக்கு இடது பக்கம் செல்லவும். நன்றி," என்றாள் மாதா. பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து சிங்களத்தில் ஆரம்பித்தாள்.

"மாதாவுக்கு எல்லாப் பாஷையும் தெரியும்டா!" என்றாள் அத்தை, தரையிலிருந்து தலையைத் தூக்காமலே.

பின்னால் ஒரு வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பிள்ளைகளுக்கு நடுவே செலின் நின்றாள்.

"எழும்புங்க. அது நர்ஸ் பொம்மை. கிட்ட ஆள் போனா தானாப் பேசும். வாசல்லயே போர்ட் போட்டிருக்காங்க."

என் வருங்கால மனைவி என்னிடம் பேசிய முதல் வார்த்தைகள் இவை. கண்ணாடியை எடுத்து மாட்டினேன். நர்ஸம்மாவின் கையில் ஊசி இருந்தது. அழுவதா, ஓடுவதா என்று தெரியாமல் நானும் பிள்ளைகளோடு சேர்ந்து சிரித்தேன். சிரிக்கத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை.

வெளியே தேத்தண்ணிக் கடையில் வழக்கு நடந்தது.

"பொம்மைக்கு நேர்ந்தது செல்லாதுங்க," என்றார் உபதேசியார், முழங்காலைத் தடவியபடி.

"நீங்க 'மாதாவே'ன்னுதானே கூப்பிட்டீங்க?" என்றாள் அத்தை. "அப்ப நேர்ச்சை அங்கதான் போய்ச் சேர்ந்திருக்கும்."

உபதேசியார் மகளைப் பார்த்தார். இந்தச் சம்பந்தமும் போச்சு என்று மனதுக்குள் அம்பிட்டிய பஸ் ஏறிவிட்டேன்.

"நேர்ச்சைய விடுங்கப்பா," என்றாள் செலின். "வேற ஆளா இருந்தா கோவப்பட்டு என் பிள்ளைங்களத் திட்டியிருப்பாரு. இவரு கூடச் சேர்ந்து சிரிக்கிறாரு. எனக்குப் புடிச்சிருக்கு."

அன்றைக்கு நான் குடித்த தேத்தண்ணியில் சீனி இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவ்வளவு சந்தோஷம்.

இப்போதும் கல்யாண வீடுகளில் யாராவது என்னைக் காட்டி, "நல்ல மாப்பிள்ளையா இருக்காரே, யாரு பேசி முடிச்சது?" என்று கேட்டால் மாமனார் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "ஒரு நர்ஸம்மாங்க," என்று சொல்லி விலாசமும் கொடுத்துவிடுகிறார். அதை நம்பி திகனவிலிருந்து ஒரு தம்பதி மகனுடைய படத்தையும் எடுத்துக்கொண்டு போய் வந்தார்களாம்.

"அன்பாத்தான் பேசுறாங்க," என்று அந்த அம்மா குறைப்பட்டாராம். "ஆனா பொண்ணு விஷயத்த எடுக்கவே மாட்டேங்கறாங்க."